ஜான்சனைச் சுற்றி ஒரு தெரு

ஊசி இரண்டும் போட்டாகிவிட்டது, இனிப் பயமில்லை என்று நினைத்துக்கொண்டுதான் பிரிசில்லா தன் தம்பி ஜான்சனைக் கூட்டிக்கொண்டு வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனாள். இரண்டாயிரத்து இருபத்தொன்று, செப்டம்பர் மாதம். கொரோனாவின் இரண்டாவது அலை ஆம்பூரை உலுக்கி எடுத்துவிட்டு ஓய்ந்திருந்தது. அவர்கள் தெருவிலேயே அந்தக் கோடையில் பல வீடுகளில் சாவு விழுந்தது. ஜான்சன் தப்பித்ததற்கு ஒரே காரணம், அவன் வாசற்படி தாண்டாமல் கிடந்ததுதான்.

சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்களைப் பார்க்கும் டாக்டரம்மா, ரத்தப் பரிசோதனை முடிவைக் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு அவன் பக்கம் திரும்பினார்.

“ஊசி உங்களுக்கு வேலை செய்யல, ஜான்சன்.”

“ரெண்டு தடவையும் ஒழுங்காத்தானே போட்டாங்க மேடம்?” என்றான் அவன்.

“அவங்க ஒழுங்காத்தான் போட்டாங்க. ஆனா அந்த ஊசியைப் பார்த்து உங்க உடம்பு எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கணும். அது நடக்கல. வேற ஒருத்தர் கிட்னியை உடம்பு தள்ளிடக் கூடாதுன்னு தினம் மாத்திரை சாப்பிடறீங்க இல்ல? அந்த மாத்திரை உங்க உடம்போட காவல்காரனைத் தூங்க வச்சிருக்கு. தூங்கறவனுக்குத் திருடன் போட்டோவைக் காட்டி என்ன பிரயோஜனம்?”

பிரிசில்லா குறுக்கிட்டாள். “அப்ப இன்னும் ஒண்ணு போட்டா?”

“மூணாவது ஊசிக்கு இப்ப இங்க அனுமதி இல்லம்மா. இவரைச் சுத்தி இருக்கறவங்க போட்டுக்கறதுதான் இப்போதைக்கு வழி. வீட்டுல, தெருவுல, நீங்க வேலை செய்யற இடத்துல. நிறைய பேர் போட்டுக்கிட்டா வியாதி ஆளுக்கு ஆள் தாவ முடியாம நின்னுடும். இவர் வரைக்கும் வந்து சேராது.”

பள்ளிகொண்டாவைத் தாண்டி பஸ் போய்க்கொண்டிருந்தபோது ஜான்சன் சிரித்தான். “ஊருக்கெல்லாம் ஊசி போட்டா எனக்குக் காய்ச்சல் வராதாம்க்கா. நல்ல வைத்தியம் இல்ல?”

அவள் சிரிக்கவில்லை. தெருவில் யார் யார் இன்னும் ஊசி போடவில்லை என்று மனதுக்குள் வீடு வீடாகப் போய்வந்துகொண்டிருந்தாள்.

பிரிசில்லாவுக்கு நாற்பத்தாறு வயது. ஷூ கம்பெனியில் தையல் பிரிவுக்கு சூப்பர்வைசர். அப்பா இறந்தபோது ஜான்சன் பால்குடி மறக்காத குழந்தை, அம்மாவும் அதிக நாள் இருக்கவில்லை. அவனை வளர்த்து ஆளாக்கியதில் அவளுடைய கல்யாண வயது கடந்துபோனது. அதைப் பற்றி அவள் யாரிடமும் குறைபட்டுக்கொண்டதில்லை. அவன் தையல் மெஷின் மெக்கானிக் ஆனான், ரூபாவதியைக் கட்டிக்கொண்டான். மூன்று பேரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். முன் பாகத்தில் தம்பியும் அவன் மனைவியும், பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட அறையில் அவள்.

முப்பது வயதுக்குள் ஜான்சனின் இரண்டு சிறுநீரகங்களும் வேலையை நிறுத்திக்கொண்டன. ரூபாவதியுடைய ரத்தம் பொருந்தவில்லை. பிரிசில்லாவுடையது பொருந்தியது. யோசிக்கக்கூட நேரம் எடுத்துக்கொள்ளாமல் தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுத்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவன் தன் அடிவயிற்றின் வலது பக்கத்தைத் தொட்டு, “அக்கா இங்க தூங்குது” என்பான். ஊறுகாயைப் பார்த்தால், “வேணாம், அக்கா கோச்சிக்கும்” என்று தள்ளிவைப்பான். ரூபாவதி சிரிப்பாள். அந்த வீட்டில் அந்த ஒரு வேடிக்கை வருடக்கணக்கில் அலுக்காமல் ஓடியது.

அந்தச் செப்டம்பரிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அரசாங்கம் பெரிய பெரிய முகாம்கள் போட்டது. தெருமுனையில் இருந்த நகராட்சிப் பள்ளிக்கூடத்திலும் முகாம் நடந்தது. கூட்டம்தான் வரவில்லை. நர்சுகள் உட்கார்ந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள். பிரிசில்லா வீடு வீடாக இறங்கினாள்.

பக்கத்து வீட்டு நசீமுன்னிசா வாசலில் உட்கார்ந்து, கம்பெனியிலிருந்து வாங்கி வந்த ஷூ மேல்தோலில் கைத்தையல் போட்டுக்கொண்டிருந்தாள். பிரிசில்லா சொன்னதைத் தையல் நிற்காமல் கேட்டுவிட்டு, கடைசியில் தலையை உயர்த்தினாள்.

“நான் போட்டுக்குவேன் பிரிசில்லா. எனக்கு வயசாய்ட்டுது. என் மருமக இரம் போட்டுக்க மாட்டா. ஊசி போட்டா புள்ள தங்காதுன்னு போன்ல வீடியோ வந்துச்சு. நிக்காஹ் ஆகி மூணு வருஷமா துவா கேக்கறோம். உன் தம்பிக்காக என் வீட்டு வாரிசை விடச் சொல்றியா?”

“அதெல்லாம் பொய்க்கா.”

“பொய்யின்னு உனக்கு யார் சொன்னது? உனக்கும் போன்லதான் வந்துருக்கும்.”

பிரிசில்லா அன்று திரும்பி வந்தாள். ஆனால் விடவில்லை. அவளுடைய தையல் பிரிவில் ஊசி போட்டுக்கொண்ட பிறகு கருத்தரித்த பெண் ஒருத்தி இருந்தாள், ஐந்து மாதம். அடுத்த ஞாயிறு அவளைக் கெஞ்சிக் கூப்பிட்டு, வயிறும் தானுமாக நசீமுன்னிசாவின் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டாள். நசீமுன்னிசா அந்தப் பெண்ணின் வயிற்றை வெகுநேரம் பார்த்தாள். இரம் கதவுக்குப் பின்னால் நின்று கேள்வி மேல் கேள்வி கேட்டாள்: எப்போது போட்டாய், காய்ச்சல் வந்ததா, ஸ்கேனில் என்ன சொன்னார்கள். டீயும் பிஸ்கட்டும் வந்தன. அதற்கடுத்த வாரம் நசீமுன்னிசா, அவள் கணவர் அப்துல் வஹீத், மகன், மருமகள் நாலு பேரும் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் போட்டுக்கொண்டு வந்தார்கள். அவர்களைப் பார்த்து அந்த வரிசையில் இருந்த மற்ற வீடுகளும் போயின.

எதிர்வீட்டுக் காசிநாதன்தான் மசியவில்லை. லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். காய்கறி மூட்டையும் தோல் கட்டும் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய்வருகிறவர்.

“எனக்கு மொத அலையிலேயே வந்துட்டுப் போய்ட்சும்மா. வந்தவனுக்கு மறுபடி வராது.”

“உருமாறி வருதுங்க அண்ணே. மொதல்ல வந்தது வேற, ரெண்டாவது வந்தது வேற. வந்தவங்களுக்கே திரும்ப வந்துச்சே, பாக்கலியா?”

“நீ இன்னா நர்சா? ஷூ கம்பெனி சூப்பர்வைசர்தானே? உன் லைன்ல போய் அதிகாரம் பண்ணு.”

அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. “உங்க பிடிவாதத்தால என் தம்பிக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீங்கதான் பொறுப்பு!”

“அவனை ஊட்டுக்குள்ள வச்சிக்கோ. ஒருத்தனுக்காக ஊரே கையை நீட்டணுமா? நல்லா கீது நியாயம்!”

தெருவே வேடிக்கை பார்த்தது. ஜன்னலுக்குப் பின்னால் ஜான்சன் நின்றிருந்ததை அவள் பிறகுதான் கவனித்தாள். அவள் உள்ளே போனதும், “எனக்காகப் பிச்சை எடுக்காதக்கா, அசிங்கமா இருக்குது” என்றான். அன்று அவனோடும் அவள் பேசவில்லை.

நவம்பரில் விடாத மழை. கண்ணுக்கெட்டியவரை மணலாகவே கிடந்த பாலாற்றில் கரை தொட்டு வெள்ளம் போனது. ஊரே ஆற்றங்கரையில் நின்றது. ஜான்சன் மட்டும் மொட்டை மாடியில் நின்று, தூரத்தில் தெரிந்த செம்மண் நிறத் தண்ணீரைப் பார்த்தான். வெள்ளம் வடிந்த பிறகு, டிசம்பரில் ஒரு ஞாயிறு, காசிநாதன் அவர்கள் வாசலில் வந்து நின்று சட்டைக் கையை மடக்கிக் காட்டினார். பஞ்சு ஒட்டியிருந்தது.

“போட்டுக்கினேன். போதுமா?”

எதற்காக மனம் மாறினார் என்று அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. கையெடுத்துக் கும்பிட்டாள். அவர் கூச்சப்பட்டு, “அட போம்மா” என்று நகர்ந்துவிட்டார்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஜான்சன் இரண்டு வருடம் கழித்துத் தேவாலயத்துக்குப் போனான். கதவோரம், காற்று வரும் இடத்தில், இரண்டு மாஸ்க் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். பாட்டு ஆரம்பித்ததும் மாஸ்க்குக்குள்ளேயே பாடினான். ரூபாவதி புதுப்புடவையில் அவன் பக்கத்தில் இருந்தாள். ஒரு வாரம் கழிந்தது, இரண்டு வாரம் கழிந்தது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. டாக்டரம்மா சொன்னபடியே நடக்கிறது என்று பிரிசில்லா நம்பினாள். பல மாதங்களுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினாள்.

ஜனவரியில் புதிதாக ஒன்று வந்தது. ஒமைக்ரான் என்றார்கள். வேகமாகப் பரவுமாம், ஊசி போட்டவர்களுக்கும் வருமாம், ஆனால் பயப்பட ஒன்றுமில்லையாம், வெறும் சளிதானாம். டீக்கடையில் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். கம்பெனியில் ஒவ்வொருத்தியாக மூக்கை உறிஞ்சத் தொடங்கினார்கள். ஒருத்தி இரண்டு நாள் வரமாட்டாள். திரும்பி வரும்போது அடுத்த மெஷினில் இருப்பவள் இருமுவாள். ஏற்றுமதிக்கு அனுப்ப வேண்டிய சரக்கு இருந்தது. டெஸ்ட் எடுத்தால் தையல் லைனையே மூட வேண்டியிருக்கும் என்று மேனேஜர் யாரையும் எடுக்கச் சொல்லவில்லை. பெண்களும் எடுக்கவில்லை. ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலை செய்தார்கள். பிரிசில்லா மாஸ்க்கைக் கழற்றவே இல்லை. சாப்பாட்டை ஸ்டோர் ரூமில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள்.

பொங்கல் லீவு விட்டார்கள். லீவின் முதல் நாள் காலையில் அவளுக்குத் தொண்டை கரகரத்தது. தோல் ஒட்டும் பசையின் நெடியால் மாதத்தில் பாதி நாள் அவளுக்கு அப்படித்தான் இருக்கும். காய்ச்சல் இல்லை, உடம்பு வலி இல்லை. உப்புத் தண்ணீரில் கொப்பளித்தாள், சரியாகிவிட்டதுபோல் இருந்தது.

ஜான்சன் பின் அறை வாசலில் வந்து நின்றான். தலைமுடி காதை மூடியிருந்தது. சலூனுக்குப் போகாமல் இரண்டு வருடமாக அவள்தான் வெட்டிவிடுகிறாள்.

“லீவுதானே, வெட்டி விடுக்கா. கண்ணாடியில பாத்தா பயமா இருக்குது.”

முற்றத்தில் ஸ்டூலைப் போட்டு, பழைய புடவையைக் கழுத்தில் சுற்றி, சீப்பும் கத்தரியுமாக வேலையை ஆரம்பித்தாள். அவன் பேசிக்கொண்டே இருந்தான். மார்ச் மாதத்திலிருந்து வேலைக்குப் போகலாமா, டாக்டரம்மா ஒத்துக்கொள்வாரா, பேரணாம்பட்டில் ஒரு கம்பெனியில் மெக்கானிக் கேட்கிறார்களாம், என்று. தலையைக் குனியச் சொல்லிப் பின்கழுத்தில் கத்தரிக்கும்போது மாஸ்க் அவள் மூக்கிலிருந்து நழுவி நழுவி விழுந்தது. இரண்டு கையிலும் முடி. முழங்கையால் தள்ளிப் பார்த்தாள். பிறகு தாடைக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு வெட்டி முடித்தாள். ஊதி ஊதி அவன் கழுத்திலிருந்த முடியைத் தட்டிவிட்டாள்.

மறுநாள் பிரிசில்லாவுக்குக் காய்ச்சல் அடித்தது.

அவள் அறையை விட்டு வெளியே வரவில்லை. கதவைத் தாழிட்டுக்கொண்டு போனில் ரூபாவதியைக் கூப்பிட்டாள். “ரூபா, எனக்குச் சுடுது. அவனுக்கு நேத்து முடி வெட்டினேன்” என்றாள். “அண்ணி, ஒண்ணும் இருக்காது” என்று ரூபாவதி சொன்னாள். அந்தக் குரலில் நம்பிக்கை இல்லை. டெஸ்டில் பிரிசில்லாவுக்கு இருக்கிறது என்று வந்தது. அவனுக்கு இல்லை என்று வந்தது. நாலாம் நாள் அவனுக்கு இருமல் தொடங்கியது. மறுபடி எடுத்தார்கள், இருந்தது.

ஆம்புலன்ஸ் வந்தபோது அவள் அறையை விட்டு வெளியே வரக்கூடாது. பக்கத்துச் சந்து வழியாகத் தெரு தெரியும் ஜன்னலில் நின்று பார்த்தாள். ஜான்சன் தானே நடந்துபோய் ஏறினான். திரும்பிப் பார்த்துக் கையைக் காட்டினான். ரூபாவதி பையை எடுத்துக்கொண்டு பின்னால் ஏறினாள். தெருவில் காற்றாடி விட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் வண்டிக்கு வழிவிட்டு ஒதுங்கினார்கள்.

டாக்டரம்மா போனில் பேசினார். “ரெண்டு பக்கமும் இடியா இருக்கும்மா. அந்த மாத்திரையைக் கொடுத்துக்கிட்டே இருந்தா அவர் உடம்பு வைரஸை எதிர்க்காது. நிறுத்தினா, நீங்க கொடுத்த கிட்னியை உடம்பு தள்ள ஆரம்பிச்சிடும். உயிர் முக்கியம். நிறுத்திப் பாக்கறோம்.”

“கிட்னி போனாப் போவட்டும் மேடம். அவன் இருந்தாப் போதும்.”

“இன்னொண்ணு இருந்தாலும் கொடுத்துருப்பேன்” என்று சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டாள். மிச்சமிருப்பது அவளுக்கே ஒன்றுதான்.

அவளுக்கு மூன்றே நாளில் காய்ச்சல் விட்டுவிட்டது. உண்மையாகவே வெறும் சளி. அதுதான் அவளை மிகவும் வதைத்தது. தட்டில் போட்ட சோறு ருசித்தது, பசி எடுத்தது. வேலூரில் அவனுக்கு மூக்கில் ஆக்சிஜன் குழாய் வைத்திருந்தார்கள். சிறுநீர் குறைந்துகொண்டே வந்து ஒரு நாள் நின்றுபோனது. டயாலிசிஸ் ஆரம்பித்தார்கள்.

ஒரு மத்தியானம் நர்ஸ் ஒருத்தி வீடியோவில் அவனைக் காட்டினாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அடிவயிற்றுப் பக்கம் கையைக் காட்டி, மூச்சுக்கு நடுவில் பேசினான்.

“உன் ஆள் ஸ்ட்ரைக் பண்ணிட்டாக்கா.”

பிரிசில்லாவால் தாங்க முடியவில்லை. “என்னாலதான்டா. தெருவையெல்லாம் பகைச்சிக்கினு, கடைசில நானே கொண்டாந்து கொடுத்துட்டேன்டா.”

அவன் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். “காசிநாதன் அண்ணன் கொடுத்திருந்தா நல்லா இருந்திருக்குமா? பேஜார் பண்ணாத.” பிறகு தலையைத் தொட்டுக் காட்டினான். “பின்னாடி ஏணி ஏணியா வெட்டி வச்சிருக்கற. நர்சம்மா எல்லாம் சிரிக்குது. அதுக்கு அழு.”

அந்த நர்ஸ் சிரித்தாள். பிரிசில்லாவும் அழுதுகொண்டே சிரித்தாள். அவனோடு பேசியது அதுவே கடைசி. அன்று மாலை மூச்சுக்குழாய் போட்டார்கள். பிப்ரவரி முதல் வாரத்தில், ஊரடங்கு எல்லாம் எடுத்துப் பள்ளிக்கூடங்கள் திறந்த பிறகு, ஒரு விடியற்காலையில் ஜான்சன் இறந்துபோனான்.

அடக்கத்துக்குத் தெரு முழுக்க வந்தது. முதல் இரண்டு அலையில் செத்தவர்களுக்கு நாலு பேர்கூட வர முடியவில்லை. இப்போது யாருக்கும் பயமில்லை. பாதிப்பேர் மாஸ்க்கே போடவில்லை. “இந்த மூணாவது அலையில யாரும் சாகறதில்லன்னாங்களே?” என்று ஒருவருக்கொருவர் கேட்டுக்கொண்டார்கள். பெட்டியைக் குழிக்குள் இறக்கியபோது பிரிசில்லாவின் கை தானாக இடுப்புத் தழும்பைப் பிடித்துக்கொண்டது. தன்னில் ஒரு பாகம் தனக்கு முன்னால் மண்ணுக்குள் போகிறது என்ற நினைப்பு வந்தது. உடனே வெட்கமும் வந்தது. ரூபாவதி ஒரு கைப்பிடி மண்ணை வைத்துக்கொண்டு போடாமல் நின்றிருந்தாள். நசீமுன்னிசா வந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட வேண்டியிருந்தது.

காசிநாதன் கல்லறைத் தோட்டத்து வாசலில் காத்திருந்தார். அவர் குரலில் கோபம் இருந்தது, கண் சிவந்திருந்தது.

“எல்லாரும் போட்டுக்கினா அவனுக்கு வராதுன்னு சொன்னியேம்மா. போட்டுக்கினோமே. அப்புறம் இன்னா ஆச்சு?”

“அது மாறிட்டுதுண்ணே,” என்றாள் பிரிசில்லா. “நாம கதவை மூடறதுக்குள்ள அது வேற வழி கண்டுபிடிச்சிட்டுது.”

“அப்ப போட்டது வீண்தானா?”

இரண்டாவது அலை வந்த கோடையில், ஊசி பரவலாகாத அந்த நாட்களில், இதே இடத்தில் ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்றதை அவள் நினைத்துப் பார்த்தாள். இந்த ஜனவரியில் தெருவில் வீட்டுக்கு இரண்டு பேர் இருமினார்கள். அவர்கள் அத்தனை பேரும் இன்று இங்கே நிற்கிறார்கள். ஜான்சன் ஒருவன்தான் இல்லை. அதைச் சொல்ல வாய் வரவில்லை. “தெரியலண்ணே” என்று மட்டும் சொன்னாள். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார்.

ரூபாவதி தன் அம்மா வீட்டுக்கு, ஆற்காட்டுக்குப் போனாள். நாத்தனாரிடம் சொல்லிக்கொண்டுதான் போனாள். ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை. நாலு மாதம் கழித்துத் திரும்பி வந்தாள். அங்கே அண்ணன் வீட்டில் ஒத்துவரவில்லை. கம்பெனியில் ஆள் எடுக்கிறார்களா என்று கேட்டாள். பிரிசில்லா பேசி, தன் லைனிலேயே சேர்த்துவிட்டாள். இருவரும் ஒரே வீட்டிலிருந்து ஒரே பஸ்ஸில் ஏறினார்கள், வேறு வேறு சீட்டில் உட்கார்ந்தார்கள். தையல் விலகினால் பிரிசில்லா காட்டுவாள். ரூபாவதி பிரித்துப் போடுவாள். அதற்கு மேல் பேச்சில்லை.

ஆகஸ்டில் கம்பெனி கேன்டீனில் பூஸ்டர் ஊசி போட வந்தார்கள். மேனேஜர் பிரிசில்லாவைக் கூப்பிட்டு, “நீங்க சொன்னா பொம்பளைங்க கேப்பாங்க, ரெண்டு வார்த்தை பேசுங்க” என்றார். அவள் மாட்டேன் என்றாள். பேசாமல் போய் வரிசையில் நின்றுகொண்டாள். தையல் பெண்கள் சிலர் அவளைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார்கள். சிலர் டிபன் பாக்ஸைத் திறந்தார்கள். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் கிட்டே வந்து, தன் மகனுக்கு ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து ஓடுகிறது, வீட்டில் மற்றவர்கள் போட்டுக்கொண்டால் அவனுக்கு நல்லதா என்று மெதுவாகக் கேட்டாள்.

“நல்லது. எல்லாரும் போட்டுக்குங்க,” என்றாள் பிரிசில்லா. கொஞ்சம் தயங்கி, “போட்டுட்டோம்னு அசால்ட்டா இருந்துடாதீங்க. தொண்டை கரகரன்னாக்கூட அவன் கிட்ட போவாதீங்க” என்றாள்.

யாரோ பின்னால் வந்து நின்றது தெரிந்தது. ரூபாவதி.

வரிசை இரண்டடி நகர்ந்தது. “அன்னிக்கு நீங்க முடி வெட்டாம இருந்திருக்கலாம் அண்ணி,” என்றாள் ரூபாவதி. சத்தமில்லாமல், நேராகச் சொன்னாள். இத்தனை மாதம் அடக்கி வைத்திருந்தது அது ஒன்றுதான்.

பிரிசில்லா திரும்பி அவளைப் பார்த்தாள். “ஆமா ரூபா. இருந்திருக்கலாம்.”

வேறு ஏதாவது சொல்வாள் என்று ரூபாவதி காத்திருந்தாள். மேஜைக்குப் பின்னாலிருந்து நர்ஸ், “அடுத்தவங்க வாங்க” என்றாள். பிரிசில்லா போய் உட்கார்ந்தாள். ஊசி இறங்கியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ரூபாவதி தன் முறைக்காக ரவிக்கைக் கையை மேலே சுருட்டத் தொடங்கியிருந்தாள்.